கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயிலா?

மினி டிராக்டருக்கு இன்ஜின் ஆயில் வாங்கும்போது கேனின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை

"ஏனுங்கண்ணா, டிராக்டருக்கு ஆயில் ஒரு கேன் குடுங்க."

"எந்த வண்டிக்குங்க?"

"சின்ன வண்டிதானுங்க. நல்லாக் கெட்டியா இருக்கறதாப் பாத்துக் குடுங்க."

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எந்த உதிரிபாகக் கடையில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இது. கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்து வைப்பார். வாங்குகிறவர் விலை கேட்பார், ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வார், பைக்கில் கட்டிக்கொண்டு போவார். கேனைத் திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் அபூர்வம். லட்சக்கணக்கில் போட்டு, பெரும்பாலும் கடன் வாங்கி எடுத்த வண்டியின் ஆயுள் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

நம் ஊர்களில் ஆயில் தேர்வு நான்கு விஷயங்களை வைத்து நடக்கிறது. கெட்டி, நிறம், விலை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஊற்றும் பிராண்டு. அந்த ஆயில் நம் இன்ஜினுக்குப் பொருந்துமா என்பதை இந்த நான்கில் ஒன்றுகூடச் சொல்லாது. சொல்பவை கேனில் அச்சிட்ட இரண்டு குறிகள். ஒன்று, 15டபிள்யூ-40 என்பது போன்ற எண். மற்றொன்று, சி.ஐ-4 என்பது போன்ற எழுத்து. எண்ணைப் பற்றி மெக்கானிக்குகளுக்கும் பல விவசாயிகளுக்கும் ஓரளவு தெரியும். எழுத்தைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், எண்ணைவிட எழுத்துதான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

சின்ன இன்ஜின், பெரிய பாடு

மினி டிராக்டர் என்று நாம் சொல்வது 15 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான வண்டிகளை. ஸ்வராஜ் 717 ஒற்றை சிலிண்டர், 15 குதிரைத்திறன். மஹிந்திரா ஜீவோ 245 இரண்டு சிலிண்டர், 24 குதிரைத்திறன். குபோட்டா நியோஸ்டார் பி2441-க்கும் அதே 24 குதிரைத்திறன்தான், ஆனால் 1,123 சி.சி.யில் மூன்று சிலிண்டர். தென்னந்தோப்பில் மரங்களுக்கிடையே ரோட்டவேட்டர் ஓட்ட, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்கடியில் நுழைய, ஈரோட்டு மஞ்சள் காட்டில் களையெடுக்க, வாழைக்கு மண் அணைக்க என்று பெரிய டிராக்டர் நுழைய முடியாத இடங்களுக்காகவே இவை வந்தன.

பெரிய டிராக்டரைவிட இவற்றின் இன்ஜின் வேகமாகச் சுற்றும். மஹிந்திரா 575 போன்ற நான்கு சிலிண்டர் வண்டியின் நிர்ணய வேகம் நிமிடத்துக்கு 1,900 சுற்று. ஜீவோ 245-க்கு 2,300. குபோட்டா பி2441-க்கு 2,600. இந்தக் கடைசி எண்ணை முதல் எண்ணோடு ஒப்பிட்டால், ஒரு மணி நேர உழவில் சின்ன வண்டியின் கிராங்க் 42,000 முறை கூடுதலாகச் சுற்றியிருக்கும். பின்னால் ரோட்டவேட்டர் மாட்டிவிட்டால் வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை, அதைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வர வேண்டுமானால் இன்ஜினை ஏறக்குறைய முழு வேகத்தில்தான் வைத்திருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் வரை அப்படியே. இந்த ஓட்டத்தை முழுக்கத் தாங்குவது இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் மூன்று நான்கு லிட்டர் ஆயில்தான்.

இதற்கு நேர்மாறான பாடும் அதே வண்டிக்கு உண்டு. மருந்தடிக்க இருபது நிமிடம், எரு இழுக்கப் பத்து நிமிடம் என்று எடுத்து எடுத்து நிறுத்துவார்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைந்துவிடும். உள்ளே படிந்த ஈரம் ஆவியாகி வெளியேற நேரமிருக்காது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அடியில் மோர் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பார்கள். அது அந்த ஈரந்தான். முழு வேகத்தையும் அரைகுறை ஓட்டத்தையும் ஒரே ஆயில் சமாளிக்க வேண்டியிருப்பதால், சின்ன வண்டி என்பதற்காக ஏதோ ஒன்றை ஊற்றுவது சரியாகாது.

15-க்கும் 40-க்கும் நடுவில்

அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் வகுத்த அளவுமுறைதான் 15டபிள்யூ-40 போன்ற எண். முன்னால் வரும் 15டபிள்யூ குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. பின்னால் வரும் 40, இன்ஜின் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு பிடிமானத்தோடு இருக்கும் என்பதற்கு. இந்த இரண்டாவது எண்ணை 100 டிகிரி செல்சியஸில் அளப்பார்கள். அந்தச் சூட்டில் கெட்டியின் அளவு 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக் வரை வந்தால் 40 என்றும், அதற்கு மேல் 21.9 வரை வந்தால் 50 என்றும் பெயர்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிக்கொண்டு நிற்பதும், சித்திரையில் தண்ணீராய் ஓடுவதும் நாம் அறிந்ததே. இன்ஜின் ஆயிலும் சூட்டுக்கேற்ப மாறுவதுதான். 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருந்த கெட்டியில் சுமார் ஏழில் ஒரு பங்குக்கு 100 டிகிரியில் மெலிந்துவிடும். ஆகவே கடையில் கேனைக் குலுக்கிப் பார்த்தோ, விரலில் தொட்டோ கண்டுபிடிக்கும் கெட்டி, ஓடுகிற இன்ஜினுக்குள் இருக்கும் கெட்டி அல்ல. 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால் முதலாவது கெட்டியாகத் தெரியும். இன்ஜின் சூடான பிறகு இரண்டும் ஒரே வகுப்பு, இரண்டுமே 40.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? காலையில் சாவியைத் திருப்பும் அந்த முதல் சில நொடிகளில். இரவு முழுக்க ஆயில் வடிந்து சம்ப்பில் கிடக்கும். பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக அனுப்பி, கிராங்க் மெட்டலுக்கும், மேலே ராக்கர் வரைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். மெட்டலுக்கும் கிராங்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அங்கே ஆயில் போய்ச் சேரும் வரை உலோகம் உலோகத்தோடு உரசும். மெலிந்த ஆயில் முந்திப் போய்ச் சேரும். கெட்டி ஆயில் பிந்தும். நாளுக்கு நான்கைந்து முறை அணைத்து எடுக்கும் சின்ன வண்டிக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

கெட்டி ஆயில்மீது நம்மவர்களுக்குள்ள நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. தேய்ந்துபோன பழைய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் கொஞ்சம் அடங்கும், புகை கொஞ்சம் குறையும், ஆயில் பிரஷர் முள் சற்று மேலே நிற்கும். லைனரும் ரிங்கும் போன இன்ஜினை அடுத்த அறுவடை வரை இழுத்துச் செல்ல மெக்கானிக்குகள் கையாண்ட வழி அது. அந்த வைத்தியத்தைப் புது வண்டிக்கும் செய்வதுதான் பிழை. இறுக்கமான இடைவெளிகளோடு வரும் புது இன்ஜினில் அளவுக்கு மீறிய கெட்டி, பம்ப்புக்கும் சுமை, டீசலுக்கும் செலவு.

15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியில்கூட இன்ஜின் சுற்ற இடம்கொடுக்க வேண்டும் என்பது எஸ்.ஏ.இ. விதி. ஊட்டியில் உறைபனி விழும் இரவில்கூட நமக்கு அந்தக் குளிர் இல்லை. எனவே 5டபிள்யூ, 10டபிள்யூ என்று குளிர்நாட்டுக்கான ஆயிலைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரூர், வேலூர் வெயிலுக்கு, பின்னால் 40 இருப்பது நல்லது. வண்டியோடு வந்த கையேட்டில் வெப்பநிலை வாரியாக ஓர் அட்டவணை இருக்கும். 25 டிகிரிக்கு மேல், 0-விலிருந்து 25 வரை, 0-வுக்குக் கீழே என்று பிரித்திருப்பார்கள். நமக்கு வேண்டியது முதல் வரி. பெரும்பாலான மினி டிராக்டர் கையேடுகளில் அந்த வரியில் 15டபிள்யூ-40 இடம்பெற்றிருக்கும். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. அந்த இன்ஜினை வடிவமைத்தவர்கள் சொன்னதை நானோ கடைக்காரரோ மாற்றிச் சொல்ல முடியாது.

யாரும் கேட்காத எழுத்து

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. ஆயிலின் தரத்தை வகைப்படுத்தும் எழுத்துகள்தான் சி.ஐ-4 போன்றவை. சி-யில் தொடங்குபவை டீசல் இன்ஜினுக்கு. எஸ்-இல் தொடங்குபவை பெட்ரோல் இன்ஜினுக்கு. சில கேன்களில் பின்பக்கம் வட்டச் சின்னம் ஒன்று இருக்கும். மேல் வளைவில் இந்த எழுத்து, நடுவில் 15டபிள்யூ-40. சின்னம் இல்லாத கேன்களிலும் எழுத்தை எங்காவது ஒரு மூலையில் பொடியாக அச்சிட்டிருப்பார்கள். அது எங்கேயுமே இல்லாத கேனை வாங்கவே கூடாது.

சி-க்கு அடுத்த எழுத்து அகர வரிசையில் முன்னேறினால் ஆயில் புதிய தலைமுறை. சி.எஃப்-4 1990-இல் வந்தது. சி.ஹெச்-4 1998-இல். சி.ஐ-4 2002-இல். சி.ஜே-4 2006-இல். சி.கே-4 2016 டிசம்பரில். இவற்றில் சி.எஃப்-4-ஐ ஏ.பி.ஐ. எப்போதோ வழக்கொழிந்த பட்டியலில் சேர்த்துவிட்டது. சி.ஹெச்-4 தொடங்கி வந்தவையே இன்று நடப்பில் உள்ளவை. ஆனால் நம்மூர்க் கடைகளில் சி.எஃப்-4 இன்னமும் தாராளமாகக் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் 20டபிள்யூ-40 கேன்களில். கெட்டியாக வேண்டும் என்று கேட்கிறவர் கையில், அவர் அறியாமலே முப்பது வருடம் பழைய தரமுள்ள ஆயில் போய்ச் சேர்வது இப்படித்தான்.

இந்த எழுத்து எதைக் குறிக்கிறது? ஆயிலில் ஐந்தில் நான்கு பங்கு அடிப்படை எண்ணெய். மீதிதான் வேலைக்காரப் பொருள்கள். உலோகத்தின்மேல் படிந்து தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், பிஸ்டனில் பிசின் படியாமல் கழுவும் கால்சியம் உப்புகள், அமிலத்தை முறிக்கும் காரம், எல்லாவற்றுக்கும் மேலாக டீசல் கரியைத் துகள் துகளாகப் பிரித்துத் தன்னிடத்தில் மிதக்க வைக்கும் பொருள். எழுத்து முன்னேறும்போது முன்னேறுவது இந்தப் பொருள்களின் திறமை. சி.ஐ-4 தரம் உருவானதே, புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் செலுத்தும் லாரிகளில் ஆயில் மிக அதிகமான கரியைச் சுமக்க வேண்டிவந்ததால்தான். நம் மினி டிராக்டரில் அந்த ஏற்பாடு இல்லாவிட்டாலும், முழு வேக ரோட்டவேட்டர் ஓட்டத்தில் கரிக்குக் குறைவில்லை. அதைச் சுமக்கத் தெரிந்த ஆயில் வேண்டும்.

பெட்ரோல் கார் ஆயில் மிச்சமிருக்கிறது, பைக் ஆயில் வீட்டில் கிடக்கிறது என்று டிராக்டரில் ஊற்றுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் கரி மிகக் குறைவு, அதனால் அந்த ஆயிலுக்குக் கரி சுமக்கும் திறன் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பைக் ஆயிலோ கிளட்ச்சும் அதே ஆயிலில் நனைந்து ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது. எத்தனை உயர்ந்த விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் டீசல் வண்டிக்கு அது ஆகாது.

கந்தகத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் நம் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருந்தது. எரியும்போது கந்தகம் அமிலமாகிறது. ஆயிலில் உள்ள காரம் அதை முறித்து முறித்தே தீர்ந்துபோகும். பழைய டிராக்டருக்கு அடிக்கடி ஆயில் மாற்றச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்பது பி.எஸ்-6 டீசல். இதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அமிலத் தொல்லை பெருமளவு போய்விட்டது, கரித் தொல்லை அப்படியே இருக்கிறது. பழைய ஆயிலுக்குப் பழகிய கை, புதிய டீசலுக்கு ஏற்றபடி மாற வேண்டிய இடம் இது.

ஆக, கையேட்டில் சி.எஃப்-4 என்று எழுதியிருந்தால் சி.ஐ-4 தாராளமாக ஊற்றலாம். சி.ஐ-4 என்று எழுதியிருந்தால் சி.எஃப்-4 ஊற்றக் கூடாது. முன்னேறலாம், பின்வாங்கக் கூடாது. சி.கே-4 கிடைத்தால் அதையும் ஊற்றலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதன் முக்கியமான சிறப்பு, சைலன்சரில் கரி வடிகட்டி உள்ள இன்ஜின்களில் சாம்பல் அடைக்காமல் பார்த்துக்கொள்வது. 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்திருக்கின்றன. நம் சின்ன வண்டிகள் அந்த வரம்புக்குக் கீழே. கரி வடிகட்டி இல்லாத வண்டிக்கு அதற்கான கூடுதல் விலையைக் கொடுக்க அவசியமில்லை. எஃப்.ஏ-4 என்ற எழுத்தை மட்டும் எங்கே பார்த்தாலும் தள்ளி வையுங்கள். அது சில புதிய லாரி இன்ஜின்களுக்கென்றே செய்த மெல்லிய ஆயில்.

கறுத்தால் கெட்டதா?

ஆயில் மாற்றிய மறுவாரமே கறுத்துவிட்டது, டூப்ளிகேட் கொடுத்துவிட்டார்கள் என்று கடையில் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பதுதான் முறை. கரியைப் பிடித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பல மணி நேரம் ஓடியும் கறுக்காத ஆயிலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். கரி ஆயிலுக்கு வராமல் பிஸ்டனிலும் சம்ப் அடியிலும் படிகிறதோ என்று.

நிறத்தைவிடக் கம்பி சொல்வது அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில், மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். மட்டம் குறைந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. மட்டம் ஏறியிருந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஊற்றாமல் ஆயில் மட்டம் ஏறாது. கூடியிருப்பது டீசலாகவோ தண்ணீராகவோதான் இருக்கும். கம்பியை முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறதா, ஆயில் தண்ணீராய் ஓடுகிறதா, டீசல் பம்ப்பில் கோளாறு. காபி நிறத்தில் நுரைத்திருக்கிறதா, ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் இறங்குகிறது. இந்த இரண்டில் எது நடந்திருந்தாலும் அதன் பிறகு ஒரு சால்கூட ஓட்டக் கூடாது. எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் அந்தப் பழுதைச் சரிசெய்யாமல் பயனில்லை.

மணிக்கணக்கும் வருடக்கணக்கும்

புது வண்டிக்கு முதல் மாற்றம் பொதுவாக 50 மணி நேரத்தில். புது ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகப் பொடி முழுக்க அந்த ஆயிலில் இருக்கும், அதனால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. அதன் பிறகு வண்டியைப் பொறுத்து 200, 250 மணி என்று கையேடு சொல்லும். ஹவர் மீட்டரைப் பார்த்து மாற்ற வேண்டுமே தவிர, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என்றோ, கறுத்தது என்றோ மாற்றுவது கணக்கில் சேராது. வாடகைக்கு ஓடும் வண்டி சீசனில் இரண்டு மாதத்திலேயே 250 மணியைத் தொட்டுவிடும். சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் ஓடும் வண்டி வருடம் முழுக்க ஓடினாலும் 100 மணி தாண்டாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டிக்கும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். நான் முன்னே சொன்ன ஈரமும், எரியாமல் தங்கும் டீசலும் நின்றுகொண்டிருக்கும் இன்ஜினிலும் வேலை செய்துகொண்டேயிருக்கும். மழைக்காலம் முடிந்து வண்டி ஓய்வுக்கு நிற்கும் முன் மாற்றிவிடுவது நல்ல வழக்கம். அழுக்கு ஆயிலோடு மாதக்கணக்கில் நிறுத்துவதைவிடப் புது ஆயிலோடு நிறுத்துவது மெட்டலுக்கு நல்லது.

மாற்றும்போது நடக்கும் அவசரத்தைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். ஆறிக் கிடக்கும் ஆயிலை வடித்தால் கரியும் பொடியும் அடியிலேயே தங்கிவிடும். மேல் மூடியைத் திறந்துவிட்டுத்தான் கீழ் போல்ட்டைக் கழற்ற வேண்டும், அப்போதுதான் தடையில்லாமல் இறங்கும். முதலில் கயிறு போல விழும், பிறகு நூலாகும், பிறகு சொட்டும். பல பட்டறைகளில் நூலானதுமே போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். கடைசியாகச் சொட்டுவதில்தான் அடி அழுக்கு வருகிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால் எந்த வேலையும் கெட்டுவிடாது. போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். ஃபில்டரையும் கட்டாயம் மாற்ற வேண்டும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். பிறகு ஆயிலை ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்துக் கம்பியில் பார்த்துக் குறையை நிரப்ப வேண்டும். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்குப் பிடிமானம் கிடையாது.

செலவு என்று வரும்போது நான் ஒரு கணக்கு வைக்கிறேன். ரோட்டவேட்டர் ஓட்டத்தில் மினி டிராக்டர் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்வோம். 250 மணிக்கு 625 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலே 56,250 ரூபாய். அவ்வளவு பணத்துக்கு டீசல் எரிக்கும் இன்ஜினைக் காப்பது நான்கு லிட்டர் ஆயில். அதில் சி.எஃப்-4-க்கும் சி.ஐ-4-க்கும் உள்ள வித்தியாசம் சில நூறு ரூபாய். இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல. அதே கணக்கில், முழு சிந்தெடிக் ஆயிலுக்கு இரண்டு மடங்கு கொடுக்கவும் நான் சொல்ல மாட்டேன். கடுங்குளிரில் ஓடுவதும், அதிகச் சூட்டில் நீண்ட நாள் கெடாமல் இருப்பதும் அதன் பலம். முதலாவது நமக்குத் தேவையில்லை. இரண்டாவதைப் பயன்படுத்த வேண்டுமானால் மாற்றும் இடைவெளியை நீட்ட வேண்டும், அதற்கு வாரண்டிக் காலத்தில் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. நல்ல மினரல் சி.ஐ-4 ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது நம் பணப்பைக்கும் வண்டிக்கும் ஏற்றது. ஆயிலில் கலக்கச் சொல்லி விற்கும் குட்டி பாட்டில்களும் வேண்டாம். கலக்க வேண்டியதையெல்லாம் கம்பெனியே அளந்து கலந்திருக்கிறது.

பேரலில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது எது என்று விற்கிறவருக்கே தெரியாது. சீல் உடையாத கேன், தெளிவான அச்சு, பேட்ச் எண், தயாரித்த மாதம், கையில் ஒரு பில். வாரண்டிக்கும் அந்தப் பில்தான் சாட்சி. அதன் ஓரத்தில் அன்றைய ஹவர் மீட்டர் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலிக் கேனைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போடாமல் கத்தியால் கிழித்துப் போடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு முதல் மூலப்பொருள் நாம் முழுசாகக் கொடுக்கும் காலிக் கேன்தான்.

இன்ஜின் ஆயில் போகக் கூடாத இடமும் உண்டு. கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், ஆயிலில் நனைந்து ஓடும் பிரேக் எல்லாவற்றுக்கும் பல வண்டிகளில் ஒரே பொது ஆயில்தான், ஆனால் அது இன்ஜின் ஆயில் அல்ல. மிச்ச இன்ஜின் ஆயிலை அங்கே ஊற்றினால் பிரேக் கத்தும், பிடிக்காமல் வழுக்கும். சரிவில் டிரெய்லரோடு இறங்கும்போது அது உயிர்ப் பிரச்சினை. மாறாக, காற்று வடிகட்டி ஆயில் கிண்ணத்தோடு வரும் வண்டிகளில் அந்தக் கிண்ணத்துக்கு இன்ஜின் ஆயிலைத்தான் ஊற்றச் சொல்வார்கள். கோடையில் புழுதிக் காட்டில் ஓட்டும்போது கிண்ணத்தின் அடியில் சேறு தேங்கியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். வடிகட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் மணல்துகள் நேரே லைனருக்குப் போகும். மணல் இரும்பையே அறுக்கும். அதற்கு எதிராகச் சி.ஐ-4-ஆலும் ஒன்றும் செய்ய முடியாது.

வடித்த ஆயிலை என்ன செய்வது? வேலிக்காலுக்குக் கரையான் பிடிக்காமல் தடவுவது, சாக்கடையில் கொசுவுக்கு ஊற்றுவது, மாட்டுப் புண்ணுக்குத் தடவுவது என்று ஊரில் பல பழக்கங்கள். எரிந்த ஆயிலில் உலோகப் பொடியும், புற்றுநோய் வரவழைக்கும் ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்திருக்கின்றன. வெறுங்கையில் தோய்த்துத் தடவுகிறவரின் தோலுக்கும் அது கெடுதல், மாட்டுக்கும் கெடுதல். தோட்டத்து மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்கு இறங்கும். 2016-ஆம் வருட அபாயக் கழிவு விதிகளின்படி இது கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். 2024 ஏப்ரல் முதல், பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்கு ஆயில் கம்பெனிகளே பொறுப்பேற்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. அந்த விதி கிராமத்துக் கொட்டகை வரை வந்துசேர, நாமும் கேட்க வேண்டும். வடித்ததை மூடியுள்ள கேனில் பிடித்து, தண்ணீரோ டீசலோ கலக்காமல் வைத்து, அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது டீலரிடம் எடுத்துச் செல்லுங்கள். வாங்க மறுத்தால், ஏன் மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் தண்ணீர், உரம், காப்பீட்டோடு இதையும் ஒரு மனுவாகக் கொடுங்கள். மானியத்தில் டிராக்டர் கொடுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை அதிகாரிகளும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.